தவணை அட்டை

பைன்டவுன் ஏலத்தில் நானூறு ரேண்டுக்கு எடுத்தேன்.
கோழி அடைத்து வைத்திருந்தார்களாம்;
இசைத்தட்டு அடுக்கும் அறையில் இன்னும்
வெள்ளை இறகு ஒன்று ஒட்டியிருந்தது.
நான்கு கால், இரண்டு கதவு, இடுப்புயர வால்நட் பலகை.
வேனிலிருந்து இறக்கும்போது பக்கத்து வீட்டு ரிக்கி கேட்டான்:
"அக்கா, யார் செத்துட்டாங்க?"

மருத்துவமனையில் எக்ஸ்ரே எந்திரங்களைப்
பிரித்து மாட்டுகிறவள் நான். வயரைக் கண்டு பயமில்லை.
பின்பலகையின் எட்டுத் திருகையும் கழற்றினால்
தூசி,
மெழுகு கசிந்து உறைந்த கன்டென்சர்கள்,
ஒரு பல்லியின் முழு எலும்பு,
பலகையின் உட்புறம் குண்டூசியில் குத்திய மஞ்சள் அட்டை.

திருமதி சிந்தாமணி படையாச்சி.
மணியைக் காசுக்குரிய ஆங்கில எழுத்துகளில்
எழுதியிருந்தான் கடைக் குமாஸ்தா.
மேவில். தெருப்பெயர் கிடையாது:
தண்ணீர்க் குழாய்க்கு மேலே மூன்றாவது தகரவீடு.
இருபத்துநான்கு கட்டங்கள்.
அறுபதாம் வருஷம் ஜூனில் முதல் முத்திரை.
ஒன்பதாவதில் பவுனை அடித்துவிட்டு ரேண்ட் என்றிருக்கிறது,
நாடே காசை மாற்றிய மாதம் அது.
பத்தொன்பதாவதோடு, ஒரு டிசம்பரில், முத்திரை நிற்கிறது.
அப்புறம் ஐந்தும் வெறும் கட்டம்.

வந்து தூக்கிப் போயிருப்பார்கள்.
இரண்டு ஆள், ஒரு லாரி.
சுழல்மேடையில் இருந்த தட்டையாவது
எடுத்துக்கொள்ள விட்டார்களா?
அதற்குப் பின் யார் வாங்கினார், யார் முழுதாகக் கட்டி முடித்தார்,
யார் வீட்டுக் கல்யாணத்தில் இது பாடியது,
எந்த வருஷம் கோழி குடியேறியது,
ஒன்றுக்கும் சீட்டில்லை.
கடன்தான் காகிதம் விட்டுப் போகும் போல.

மின்சாரத்தை நேராக்கும் வால்வு முதலில் வேண்டும்.
பாக்ஸ்பர்க்கில் கெர்ஹார்ட் என்றொருவர்
முட்டை அட்டைகளில் வால்வு அடுக்கி வைத்திருக்கிறார்.
"ஈ-இஸட் எண்பத்தொன்றா? உட்கார்ந்துகொள்ளுங்கள்" என்றார் போனில்,
விலை சொல்லுமுன்.
சோளப்பொரிக்குள் புதைத்து அனுப்பினார்.
இருபதாவது கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்:
வால்வு, இருநூற்றுப் பத்து.

தட்டைச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரம்
உருகித் தாராகியிருந்தது. அந்த அளவில் உலகத்தில் இல்லை.
வார்விக் சந்தையில் டயர்ச் செருப்பு வெட்டும் ம்தோகோசிசி
அச்சை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
"எந்தக் காலுக்கு?"
சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
டயர் முரடு என்று மினிபஸ் டாக்ஸி டியூப் ஒன்றை உருவினார்.
மூன்றாவது வெட்டில் வட்டம் வந்தது.
அறுபது ரேண்ட்; ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கிக்கொண்டேன்.
செருப்பை அட்டையில் சேர்க்கவில்லை.

ஊசி மாப்புட்டோவிலிருந்து வந்தது.
டயலில் அந்த ஊர் இல்லை.
லொரென்சோ மார்க்கெஸ் இருக்கிறது,
சாலிஸ்பரி, லியோபோல்ட்வில் இருக்கிறது,
கண்ணாடியில் பொன்னெழுத்தாக, ஒன்றும் அழியாமல்.
கூரியர் உறையை முதல் பெயருக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன்.
ஒரே ஊர்.

இருபத்துமூன்றில் கன்டென்சர்கள்.

ஞாயிறு இரவு சுவிட்சைத் திருகினேன்.
தூசி கருகும் வாசம்; இறகோ என்னவோ.
பச்சைக் கண் சோம்பலாக விழித்தது.
மத்திய அலை முழுக்கத் துழாவியும் நிலையம் எதுவுமில்லை,
ரிக்கி வீட்டு எல்இடி பல்பின் கரகரப்பு மட்டும்
லொரென்சோ மார்க்கெஸில் துல்லியமாகக் கேட்டது.
தட்டு வைத்தேன். டாக்ஸி டியூப் ஓடியது,
ஏறக்குறைய சரியான வேகம்:
பாடகிக்கு லேசாகச் சளி.

கடைசிக் கட்டத்துக்கும் சாமான் உண்டு.
குமிழ் ஒன்று அசல் இல்லை; அதன் தண்டில் யாரோ
ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் துளைத்து மாட்டியிருக்கிறார்கள்.
கிம்பர்லியில் ஒருத்தி அசலை வைத்திருக்கிறாள்.
படம் அனுப்பினாள், விலை சொன்னாள்,
என்ன முடிவென்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.
மூடி நன்றாகத்தான் திரும்புகிறது.

அட்டையைப் பழைய ஓட்டையிலேயே குத்திவிட்டு
ஏழு திருகை முடுக்கினேன்.
எட்டாவது எங்கோ உருண்டு போயிற்று.